பத்தாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

நவராத்திரியை ஒட்டி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். யூதர்களின் பண்டிகைகளைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி சார், நீங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றார்கள்.

காரணம் இருக்கிறது. 2024-இல் விஜயதசமி அக்டோபர் 12. யூதர்கள் ஆண்டிலேயே பெரிதாக நினைக்கும் விரத நாளான யோம் கிப்பூரும் அன்றைக்கே வந்தது. 2025-இல் இரண்டும் அக்டோபர் 2. காந்தி ஜெயந்தியும் கூடவே சேர்ந்துகொண்டது. இதில் மாயம் எதுவும் இல்லை. அவர்கள் மாதமும் அமாவாசை கழித்துத்தான் பிறக்கிறது. திஷ்ரி மாதம் முதல் நாள் புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. பத்தாம் நாள் யோம் கிப்பூர். நாமும் மகாளய அமாவாசை முடிந்த மறுநாளிலிருந்துதானே பத்து எண்ணுகிறோம்? சூரியனோடு ஒத்துப்போக அவர்கள் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம் அதிக மாதக் கணக்கு வேறு. அதனால் சில ஆண்டுகளில் இரண்டும் ஒரு மாதம் விலகிப்போகும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருந்த ஒரு யூதப் பெரியவர். 1990-களின் பிற்பகுதியில் வங்கி வேலையில் எனக்கு எர்ணாகுளத்துக்கு மாற்றல். அவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். வைப்புத்தொகை ரசீதைப் புதுப்பிக்க வந்தவர், "இனி இருபத்து மூன்று நாள் என்னைத் தேட வேண்டாம், எங்களுக்குத் திருவிழாக் காலம்" என்றார். உத்தியோகஸ்தன் புத்தி எனக்கு. "அவ்வளவு நாளா?" என்றேன். "உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழா எத்தனை நாள்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு ஊர் மதுரை. வாயை மூடிக்கொண்டேன்.

மட்டாஞ்சேரியில் அவர்கள் தொழும் இடத்தைப் பரதேசி சினகாக் என்பார்கள். சுற்றுவட்டார ஜனங்களுக்கு அது ஜூதப்பள்ளி. 1568-இல் கட்டியது. 1662-இல் போர்ச்சுகீசியர் கைவரிசையில் சேதமாகி, டச்சுக்காரர்கள் வந்த பிறகு மறுபடி எழுந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உலகத்தில் பெரும்பாலான யூத ஆலயங்களில் அந்த வழக்கம் கிடையாது. உள்ளே தரை முழுக்க 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். எனக்கு அந்த ஓவியத்தைவிட உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சிதான் நினைவில் நிற்கிறது. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள், எண்ணெய் ஊற்றும் கண்ணாடிக் குவளைகள். நடுவில் பித்தளைக் கம்பி வளைத்த மேடை. மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு மேடை. இந்த இரண்டாவது மேடை கேரளத்து யூதர்களுக்கே உரியது. பண்டிகை நாளில் வேதம் வாசிப்பது அங்கிருந்துதான்.

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். ரோஷ் ஹஷானா அன்று ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். நாதஸ்வரம் மாதிரி விரல் வைத்து மூடத் துளை கிடையாது, எல்லாம் உதடும் மூச்சும்தான். நீளமாக ஒன்று, பெருமூச்சு மாதிரி மூன்று, விம்மல் மாதிரி துண்டு துண்டாகப் பல என்று மாறி மாறி நூறு வரை போகும். அன்று ஓய்வுநாளான சனிக்கிழமையாக இருந்தால் ஊதமாட்டார்கள்.

யோம் கிப்பூர் 25 மணி நேரம். பச்சைத் தண்ணீர் கிடையாது. தோல் செருப்பு போடக்கூடாது என்பதும் அன்றைய விதிகளில் ஒன்று. கொச்சிக்காரர்களுக்கு அது புதிதில்லை, அவர்கள் ஆலயத்துக்குள் என்றைக்குமே வெறுங்கால்தான். அன்று முழுக்கச் சொல்லும் பாவ அறிக்கையில் 'நான்' என்ற சொல் வராது. குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், திருடினோம் என்று எபிரேய அகரவரிசைப்படி எல்லாமே 'நாம்'. வாழ்நாளில் பத்துப் பைசா திருடாதவரும் மார்பில் கைதட்டி "திருடினோம்" என்று சபையோடு சேர்ந்து சொல்ல வேண்டும். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கூட்டுப் பொறுப்பு எனக்கு உடனே விளங்கியது. கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு. கடவுளுக்குச் செய்த தவற்றைத்தான் இந்த நாள் கழுவும். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்ததை அவனிடமே போய்ச் சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஐந்தாம் நாள், பௌர்ணமியில், சுக்கோத். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குக் கூடாரப் பண்டிகை என்றால் தெரியும். ஒரு வாரம் ஓலைக் குடிலில் சாப்பாடு. பாலைவனத்தில் அலைந்த முன்னோர் நினைவாக. கொச்சியில் கூரைக்குப் பஞ்சமா? முடைந்த தென்னங்கீற்றுத்தான். சிக்கல் மழையில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மலையாளத்தில் துலாவர்ஷம், நமக்கு ஐப்பசி அடைமழை. மதியம் கருத்துக்கொண்டு வரும், இடி இடிக்கும், கொட்டும். குடிலின் கூரையோ வானம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று விதி. அவர்களுடைய பழைய சட்டநூலான மிஷ்னாவில் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம். ஆனால் அது நல்ல அறிகுறி இல்லை. எஜமானுக்குக் குவளையில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரன் முகத்திலேயே அவர் கூஜாவை வீசினதுபோல என்று உவமை. "எங்கள் முகத்தில் வருஷா வருஷம் கூஜா விழுந்தது" என்றார் பெரியவர். இதில் வேடிக்கை, அந்த வாரம் முடிகிற எட்டாம் நாளில்தான் மழைக்கான வாசகத்தைத் தொழுகையில் சேர்க்கத் தொடங்குகிறார்கள். இஸ்ரேல் நாட்டுப் பருவத்துக்கு எழுதிய பிரார்த்தனை அது. கொச்சியில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே மழை கேட்டார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் சிம்ஹத் தோரா. 'தோராவின் மகிழ்ச்சி'. ஆண்டு முழுக்க வாராவாரம் வாசித்த ஐந்து வேதப் புத்தகங்களின் கடைசிப் பகுதியை முடித்து, அந்த மூச்சிலேயே "ஆதியிலே" என்று முதல் வரிக்குத் திரும்பும் நாள். எங்கும் அந்த வேதம் எழுதிய சுருளைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். கேரளத்து யூதர்கள் இதைத்தான் தலையாய திருவிழாவாக ஆக்கிவைத்திருந்தார்கள். சுருள்கள் வழக்கமாக இருக்கும் பேழைக்கு முன்னால் பட்டும் சரிகையும் மல்லிகையுமாகத் தற்காலிகமாக ஒரு பேழை கட்டுவார்கள். வெள்ளியும் தங்கமும் வேய்ந்த உறைகளில் சுருள்களை அதில் அலங்கரித்து வைப்பார்கள். தேங்காயெண்ணெய் விளக்குகள் அடுக்கடுக்காக எரியும். பெண்களும் வந்து சுருள்களைத் தொட்டு முத்தமிடுவார்கள். மத்தியானம் சுருள்கள் கட்டடத்துக்கு வெளியே ஊர்வலம் போகும். இது வேறெங்கும் காணாத வழக்கம் என்கிறார்கள். திரும்பி வந்ததும் பாட்டோடு அந்தத் தற்காலிகப் பேழையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். உற்சவமூர்த்தி புறப்பாடு, களிமண் பிள்ளையாரைக் கரைப்பது. மட்டாஞ்சேரியில் தங்கி ஆராய்ந்த நேத்தன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் தம்பதியும் அந்த ஒப்புமையைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் அரை மனசுதான். பக்கத்தில் கோயில் திருவிழா நடக்கும் ஊரில் எந்தச் சபைக்கும் கை சும்மா இருக்காது, அது வாஸ்தவம். ஆனால் 'நம்மிடம் வாங்கியது' என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடலாகாது. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவி என்ற சேர மன்னன் இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இன்னும் இருக்கிறது. வட்டெழுத்தில் இருக்கிறது, அதன் மொழியைத் தமிழ் படித்தவன் முட்டி மோதிப் புரிந்துகொள்ளலாம். பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, காகளம், தோரணம் என்று அதில் உரிமைகள் வரிசையாக வரும். இங்கே பாவாடை என்றால் நடக்கும் வழியில் விரிக்கும் துணி. அத்தனையும் ஊர்வல மரியாதைகள். ஆயிரம் வருஷம் முன்பே அந்த மண்ணின் மரியாதை அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது, அப்புறம் யாரிடம் கடன் வாங்க வேண்டும்?

இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டு வந்த பெரியவர் ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தினார். அதே ஆலயத்தில் எல்லாரும் சமமாக உட்கார்ந்ததில்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவினரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெஞ்சில் இடம் இல்லை, தோரா வாசிக்க அழைப்பு இல்லை. அந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ.பி. சேலம். நம் சென்னையில்தான் பி.ஏ.வும் சட்டமும் படித்தார். ஊர் திரும்பி, காந்தி வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. பின்னால் தம் ஜனங்கள் இஸ்ரேலுக்குப் போக உதவியவர்களில் அவரும் ஒருவர். தான் மட்டும் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967-இல் கண்ணை மூடினார்.

ஜனங்கள் போனது பெரும்பாலும் 1950-களின் நடுவில். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா என்று எட்டு ஆலயங்கள் இருந்தன. பரதேசி ஆலயம் தவிர மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. எர்ணாகுளத்து ஆலயம் ஒன்றின் முன்பக்கத்தில் செடிகளும் வண்ண மீன்களும் விற்கும் கடை வந்தது. எங்கள் வீட்டு மீன்தொட்டிக்கு நானே அங்கே மீன் வாங்கியிருக்கிறேன். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் உட்புறம் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனவர்கள் நெவாத்தீம் போன்ற கிராமங்களில் குடியேறி அங்கேயும் திருவிழாவை விடவில்லை. ஆனால் அந்த நாட்டில் எட்டாம் நாளும் சிம்ஹத் தோராவும் ஒரே நாள். ஆகத் தலையாய திருவிழாவுக்குத் தனி நாள் இல்லாமல் போயிற்று. பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் மலையாளத்தில் எழுதிவைத்த பாட்டுகளையும் எடுத்துப் போனார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்களில் சாரா கோஹன் 2019-இல் 96 வயதில் காலமானார். க்வீனி ஹலேகுவா 2024-இல்.

இனி நான் நேரில் பார்த்தது. ஒரு சிம்ஹத் தோரா மாலை, பெரியவர் வரச்சொல்லியிருந்தார். மழை விட்டு ஓடுகளில் சொட்டிக்கொண்டிருந்தது. விளக்குகள் ஏற்றியாகிவிட்டது. தொழுகை தொடங்கவில்லை. வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை. இல்லாவிட்டால் பொதுவில் தோரா வாசிப்பு இல்லை, இறந்தவர்களுக்கான கதீஷ் இல்லை. அமெரிக்காவில் பல சபைகள் இப்போது பெண்களையும் எண்ணுகின்றன. இங்கே மாடியில் ஐந்தாறு பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன். மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடாது, எண்ணினால் ஆகாது. அதனால் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் பத்துச் சொல் உள்ள ஒரு வரியைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகக் கொடுப்பார்களாம். எங்கள் அப்பா களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்கமாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார். அதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். வரிக்கு அர்த்தமும் சொன்னார்: 'உமது ஜனத்தைக் காப்பாற்றும், உமது உரிமைச் சொத்தை ஆசீர்வதியும், அவர்களை மேய்த்து, என்றென்றைக்கும் தாங்கிக்கொள்ளும்.'

எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்தவர்களையும் சேர்த்து ஒன்பதாவது சொல்லில் நின்றது. 'அத்'. 'வரைக்கும்' என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். மறுபடி 'அத்'. நான் ஓரமாக நின்றேன். எனக்கு எந்தச் சொல்லும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். தெருவிலிருந்து முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் எட்டிப் பார்த்தான். அரைக்கால்சட்டை, முழங்கால் வரை சேறு. "இன்று மூடியிருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பெரியவர் அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "உன் அம்மா யூதரா?" என்றார். பையன் திருதிருவென்று விழித்துவிட்டுத் தலையாட்டினான். "செருப்பைக் கழற்று" என்றார். ஒருவர் குல்லாவோடு ஓடினார், இன்னொருவர் காலில் ஊற்றத் தண்ணீரோடு.

பையன் ஈரக்காலோடு நீல ஓடுகளின்மேல் வந்து நின்றான். பெரியவர் மூன்றாம் முறை வரியைச் சொல்லிக்கொண்டே வந்து, அவன் தோளில் கையை வைத்து, வாய்விட்டுச் சொன்னார்: "ஹஓலாம்."

மாடியில் யாரோ பாட்டை எடுத்தார்கள்.