லத்தி அள்ளப் போன பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பிள்ளைகள் தாய்லாந்துக்குக் கல்விப் பயணம் போனபோது அங்கே ஒரு முழு நாள் யானை பராமரித்தார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி யானையின் காலுக்கே வரும், என்னைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயண விவரத்தை வீடுகளுக்கு அனுப்பியதும் ஒரு மாணவியின் அம்மா போன் பண்ணினார். "மேடம், நம்ம வீட்டு மாட்டுக்குச் சாணி அள்ளச் சொன்னா எம் பொண்ணு மூக்கைப் பொத்துதா. அங்க போயி யானை லத்தி அள்ள நாங்க பணம் வேற கெட்டணுமா?"

நியாயமான கேள்விதான். "அந்த லத்திக்காகத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நாங்கள் போனது வடக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு முகாம். அந்தப் பக்கத்து யானைகள் ஒரு காலத்தில் தேக்கு மரம் இழுத்தவை. 1988-ல் அந்த நாட்டின் தெற்கே பெரிய வெள்ளம் வந்தது. காடு அழிந்த மலைகளிலிருந்து வெட்டிப்போட்ட மரங்களெல்லாம் உருண்டு வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போயின. அடுத்த வருஷமே, 1989-ல், காட்டில் மரம் வெட்டத் தடை போட்டார்கள். காட்டுக்கு நல்லது. ஆனால் யானைக்கும் பாகனுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. பாங்காக் தெருவில் யானையை நடத்திப் பிச்சை எடுத்த பாகன்கள் உண்டு. பிறகு சுற்றுலா வந்தது, சவாரி வந்தது. இப்போது சவாரியை விட்டுவிட்டு, தீனி போடுவது, குளிப்பாட்டுவது என்று மாறிய முகாம்கள் பல இருக்கின்றன.

சரி, காலைக்கு வருகிறேன். காலை நேரத்தைச் சொல்லவில்லை, யானையின் காலைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு துதிக்கைப் பக்கமாக ஓடினார்கள். அங்கிருந்த பாகன் கரேன் என்ற மலைச் சமூகத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். போனையெல்லாம் ஒரு கூடையில் போடச் சொல்லிவிட்டு யானையின் பக்கவாட்டைக் காட்டினார். வலப்பக்கம் மண் ஒட்டியிருந்தது, இடப்பக்கமும் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் மண் இருந்தால் ராத்திரி புரண்டு படுத்துத் தூங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, மண்ணே இல்லாவிட்டாலோ ஏதோ உபாதை. காது ஆடுகிறதா, வால் ஆடுகிறதா என்று அடுத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்தார், முன்காலுக்கு.

யானைக்கு முன்காலில் ஐந்து நகம், பின்காலில் பெரும்பாலும் நான்கு. அந்த நகத்துக்கு மேலே, தோல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பெண் தயங்கித் தயங்கி வைத்தாள். ஈரம்! யானைக்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வை கசிவது அந்த நகத்தைச் சுற்றித்தான். நடந்து திரிகிற யானைக்கு அங்கே ஈரம் தெரியும். காய்ந்து கிடந்தால் பாகன் அன்றைக்கு வேறு வேலை பார்க்க மாட்டார்.

இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒருவர் முகத்திலும் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

யானையின் பாதத்தை நாம் உரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே எலும்பைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட விரல் நுனியில்தான் நிற்கிறது, குதிகாலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை. மூன்று டன் எடையை அந்த மெத்தைதான் தாங்குகிறது. பாதத்துத் தோலும் நகமும் வளர்ந்துகொண்டே இருக்கும். காட்டில் நடக்க நடக்கத் தானாகத் தேயும். ஒரே இடத்தில், அதுவும் கல்லிலோ சிமெண்டிலோ நின்றால் தேயாது, வெடிக்கும். தன் மூத்திர ஈரத்திலேயே நின்றால் வெடிப்பில் சீழ் பிடிக்கும். வளர்ப்பு யானைகளைப் படுக்கையில் தள்ளுகிற பெரிய நோய்களில் கால் நோயும் ஒன்று. திரும்பவும் சொல்கிறேன், காலைப் பாருங்கள். நெற்றியில் பட்டம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற நாம் நகத்தைப் பார்ப்பதில்லை.

நம்ம நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை மறந்திருக்க மாட்டீர்கள். மூட்டு வலியோடு நடந்த அதற்கு 2022-ல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஊரே ரசித்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜனவரியில் காந்திமதி போய்விட்டது. யானை வைத்திருக்கும் எந்தக் கோயிலாக இருந்தாலும் அதற்கு மண் தரையும், தினம் நீள நடக்க ஒரு வழியும் முதலில் வேண்டும். ஆசீர்வாதம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

லத்தியைச் சொல்லாமல் விட்டால் அந்த அம்மா கோபிப்பார். பெரிய யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தின்னும். அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. ஆக, அள்ளுவதற்குக் குறைவே கிடையாது. ஒரு உருண்டையைக் கையால் பிட்டு, நார் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். நீளநீளமாக வந்தால் பல் சரியாக அரைக்கவில்லை. யானைக்கு ஆயுளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும், ஆறாவதும் தேய்ந்தால் அவ்வளவுதான். மூக்கைப் பொத்துகிற அதே பெண் உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் வைக்கோல் வாசந்தான் மேடம்" என்றாள்.

மத்தியானம் சோற்றில் புளியும் உப்பும் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். வயிறு இளகப் புளி. அப்புறம் வாழைத்தண்டு வெட்டினார்கள். கடையம் பக்கத்துப் பையன் ஒருவன் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். என்னப்பா என்றேன். "மேடம், இங்க வாழையை வெட்டி யானைக்குப் போட நாம காசு கொடுக்கோம். எங்க தோட்டத்துல ராத்திரி அதுவா வந்து சும்மா தின்னுட்டுப் போவுது. எங்க அப்பா இதைப் பார்த்தாருன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் பாகன் மட்டும் சிரிக்கவில்லை. தனி ஆண் யானையா, கூட்டமா என்று கேட்டார். கூட்டமும் வரும் என்றான் பையன். கூட்டத்தில் குட்டி இருக்கும், வெடி போட்டால் தாய் திரும்பி வரும், அப்பாவிடம் சொல் என்றார். பையன் அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவர் பின்னாலேயே திரிந்தான்.

ஆற்றில் குளிப்பாட்டியதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் தேய்ப்பது நம் சந்தோஷத்துக்குத்தான். ராத்திரி நீளச் சங்கிலியும் உண்டு, அதையும் பிள்ளைகள் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நம் மலை யானைகளுக்கென்று இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 1,197 சதுர கிலோமீட்டர். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் களக்காடு முண்டந்துறைக் காட்டில்தான். பாபநாசம், மாஞ்சோலை மலை ஏறுகிறவர்கள் வழியில் யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள், தின்ற மிச்சத்தை ரோட்டில் வீசாதீர்கள். கடையத்துப் பையனின் அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவன் வாங்கி வந்த அரிவாளைப் பிடுங்கி வைக்க வேண்டாம். வணக்கம்.