அந்த இரண்டு பெயர்களை முடிவு செய்தவர்கள் யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகளுக்குத் தகுதியுள்ள எவரும் தலைமை ஏற்கலாம் என்று வாதிட்ட எதிரணித் தலைவர், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக 1909இல் தோன்றிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் முதல் தலைவரான மூர்ஃபீல்ட் ஸ்டோரி என்ற வெள்ளையரைச் சான்றாகக் காட்டினார். லூயிவில் நகரில் குடியிருப்புகளை நிறத்தால் பிரித்த சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வீழ்த்திய அவருடைய தொண்டை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மக்களுக்காக வழக்காடுவது வேறு. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவர்கள் சார்பில் முடிவெடுப்பது வேறு. அந்த முடிவு பாதிக்கப்பட்ட மக்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

அது 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வெட்டவெளிச்சமானது. மிசிசிப்பி மாநிலத்தின் பிரதிநிதிகளாக, கறுப்பினத்தவரை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளையர் குழுவை எதிர்த்து, ஒதுக்கப்பட்டவர்களுக்காகத் தோன்றிய மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி தன் பிரதிநிதிகளாக 68 பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவரான ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவு செய்யப் போன ஒரே காரணத்துக்காக, 18 ஆண்டுகள் உழைத்த பருத்தித் தோட்டத்திலிருந்து 1962இல் விரட்டப்பட்டவர். மறு ஆண்டு வினோனா சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டவர். யாரைப் பிரதிநிதிகளாக ஏற்பது என்று ஆராய்ந்த மாநாட்டுக் குழுவின் முன் அவர் இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்புவதற்காக ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார்.

பிறகு கட்சித் தலைமையினர் சமரசம் என்ற பெயரில் அந்த 68 பேருக்கு இரண்டே இடங்கள் தர முன்வந்தார்கள். அவற்றில் யார் அமர்வது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்: ஆரன் ஹென்றி, எட் கிங். முன்னவர் கறுப்பினத்தவர், பின்னவர் வெள்ளையர். இருவரும் மிசிசிப்பியில் துணிந்து போராடியவர்களே. அனுப்பிய மக்களைக் கேட்காமல் அவர்களுடைய வாயை வேறொருவர் தேர்ந்தெடுத்ததுதான் அநீதி.

ராய் வில்கின்ஸ், பேயர்ட் ரஸ்டின் போன்ற கறுப்பினத் தலைவர்களே இதை ஏற்கச் சொன்னார்களே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நிறம் ஒத்திருந்தால் மட்டும் போதும் என்று நாங்களும் சொல்லவில்லை. மாநாடு முடிந்து மிசிசிப்பிக்குத் திரும்பி, அதே தோட்ட முதலாளிகளையும் அதே ஷெரிஃபுகளையும் எதிர்கொள்ள வேண்டியவர்கள் அந்த 68 பேர். ஆகவே இறுதிச் சொல் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் கூடிப் பேசி, அந்தச் சமரசத்தை நிராகரித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1968 சிகாகோ மாநாட்டில், இரு இனத்தவரும் கலந்த மிசிசிப்பிக் குழுவின் பிரதிநிதியாக ஹேமர் அமர்ந்தபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் அவர்கள் இதை எடைபோட்டுத் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.