ஓங்கிய கையும் தங்காத மனமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

புத்தரிடம் ஒரு போர்த்தலைவன் வந்து கேட்ட கேள்வி, பாலி மொழியிலுள்ள புத்தர் உரைத்தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் பதிவாகியிருக்கிறது. அவன் பெயர் யோதாஜீவன். "போர்க்களத்தில் ஊக்கத்தோடு போரிட்டு மடிகிறவன் தேவலோகம் போவான் என்று எங்கள் ஆசான்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். நாம் வீரசுவர்க்கம் என்கிறோமே, அதுதான். "அதைக் கேட்காதே" என்று புத்தர் இரண்டு முறை விலக்கினார். மூன்றாம் முறையும் அவன் விடாமல் கேட்டபிறகு பதில் சொன்னார். போரிடுகிறவனின் மனம் அப்போதே தாழ்ந்துபோயிருக்கிறது. 'இவர்கள் வெட்டுப்படட்டும், அழியட்டும்' என்ற எண்ணம் அதைப் பற்றியிருக்கிறது. அந்த மனத்தோடு சாகிறவன் போய்ச்சேருவது நரகம். இதைக் கேட்ட யோதாஜீவன் அழுதான். இத்தனை காலம் ஆசான்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அழுதான்.

இந்தப் பதிலில் புத்தர் காட்டுகிற காரணம் முழுக்க மனத்தைச் சேர்ந்தது. அடிக்கிற நொடியில் அடிக்கிறவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதே அவர் பார்த்த இடம். பிற்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் எழுந்த பௌத்தப் போர்க்கலைகளின் தத்துவம், இந்த ஒரு பதிலோடு நடந்த நீண்ட வழக்காடல் என்றே நான் கருதுகிறேன்.

வழக்கு எளிதானதல்ல. பிக்குகளுக்கான விநய விதிகளைப் பாருங்கள். கோபத்தில் இன்னொரு பிக்குவை அடிப்பது குற்றம். அடிக்கவே வேண்டாம், கையை ஓங்கினாலே தனிக் குற்றம். அணிவகுத்துப் போகும் படையைக் காரணமின்றி வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. காரணத்தோடு போனாலும் மூன்று இரவுக்குமேல் படையோடு தங்கக்கூடாது. சீனப் பௌத்தர்கள் பெரிதும் போற்றும் பிரம்மஜால சூத்திரத்தின் போதிசத்துவ விதிகளில் பத்தாவது சிறுவிதி, வாள், தடி, வில், அம்பு, ஈட்டி எதையும் சேர்த்துவைக்கக் கூடாது என்கிறது. இவ்வளவையும் ஏற்றுத் துறவு பூண்டவர்கள் கையில் கம்பு வந்தது எப்படி?

சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சோங் மலையடிவாரத்தில் உள்ள ஷாவொலின் மடத்தை எடுத்துக்கொள்வோம். 495-ஆம் ஆண்டில் வட வெய் பேரரசர் சியாவொவென், பாதுவொ என்ற இந்தியத் துறவிக்காக இதைக் கட்டுவித்தார். மடத்துக்கு நிலமும் விளைச்சலும் சேர்ந்தன. சுய் அரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் கொள்ளையர்கள் மடத்தைத் தாக்கித் தீவைத்தார்கள். அடுத்து, மடத்துக்குச் சொந்தமான சைப்பிரஸ் பள்ளத்தாக்குப் பண்ணையை வாங் ஷிசொங் என்ற போட்டி அரசன் பிடித்துக்கொண்டான். 621-இல் ஷாவொலின் பிக்குகள் அவன் சகோதரன் மகனைச் சிறைபிடித்து, பின்னாளில் டாங் பேரரசராக ஆன லீ ஷிமின் பக்கம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஈடாக மடத்துக்கு 40 சிங் (சீன நில அளவு) நிலமும் ஒரு நீராலையும் கிடைத்தன. 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதையெல்லாம் சொல்லி, 13 பிக்குகளின் பெயர்களையும் தருகிறது. அவர்கள் எந்த முறையில் சண்டையிட்டார்கள் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆக, தொடக்கம் தியானத்தில் பிறந்த ஞானம் என்று சொல்ல முடியாது. நிலத்தையும் உயிரையும் காக்க நேர்ந்தது, அதுதான் தொடக்கம்.

போதிதருமர் கற்றுக்கொடுத்தது தானே இது என்று நம் ஊரில் பலரும் கேட்பார்கள். போதிதருமர் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசரின் மூன்றாவது மகன் என்று அவர் போதனைக்கு முன்னுரை எழுதிய தான்லின் சொல்கிறார். அந்த முன்னுரையில் காஞ்சிபுரம் என்ற பெயர் இல்லை, போர்க்கலையும் இல்லை. அவர் பெயரோடு சேர்ந்து வரும் 'தசைநார் மாற்றச் சுவடி', 1624-ஆம் ஆண்டளவில்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. அதற்கு முந்தியதாகக் காட்டப்படும் முன்னுரைகள் போலி என்று சீன ஆய்வாளர்களே நிறுவிவிட்டார்கள். போதிதருமருக்கு இதனால் பெருமை குறையவில்லை. சுவரை நோக்கி அமர்ந்து மனத்தைச் சுவர்போல் அசையாமல் நிறுத்தும் தியானமே அவர் தந்த செல்வம். போர்க்கலை பிற்காலத்தில் கடன் வாங்கியதும் அதைத்தான்.

பிக்குகள் தங்கள் பலத்துக்குத் துணையாகத் தேடிக்கொண்ட தெய்வம் வஜ்ரபாணி. பாலி நூல்களிலேயே இவர் இருக்கிறார். புத்தர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்பட்டன் என்ற இளைஞன் மௌனம் சாதித்தபோது, தகதகவென்று எரியும் இரும்பு வஜ்ரத்தோடு அவன் தலைக்குமேல் வந்து நின்ற யட்சன் இவர்தான். சீனத்தில் வழங்கும் கதை இன்னும் துணிச்சலானது. செங்சொவ் என்ற இளந்துறவி உடல் மெலிந்தவர். மற்றவர்கள் மல்லுக்கு இழுத்து அவரை அடிப்பார்கள். அவர் வஜ்ரபாணியின் காலைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் வேண்டினார். ஆறாம் நாள் விடியலில் வஜ்ரபாணி ஒரு கிண்ணம் நிறையத் தசைநாரோடு தோன்றி, "தின்" என்றார். துறவி புலால் தின்னலாமா என்று அவர் தயங்க, வஜ்ரத்தை ஓங்கி மிரட்டித் தின்னவைத்தார். பலம் வந்தது. விதி மீறப்பட்டது என்பதைக் கதை மறைக்கவில்லை, துறவியின் தயக்கத்தையும் மறைக்கவில்லை. அந்தத் தயக்கத்தை ஒளிக்காமல் வைத்திருப்பதால்தான் இந்தக் கதையை நான் மதிக்கிறேன்.

ஷாவொலின் பெயர் உண்மையில் கம்பால்தான் பரவியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சொங்யோவ் என்பவர், மடத்தில் பத்தாண்டுக்கும் மேல் பயின்றபின் கம்பு முறையை எழுதிவைத்தார். மரக்கம்பின் நீளம் எட்டு முதல் எட்டரை சீன அடி. இன்றைய கணக்கில் இரண்டரை மீட்டருக்குக் குறையாது. ஒரு முனை தடித்து, மறுமுனை நோக்கி மெலிந்து போகும். ஆளைவிட நீளமான அந்தக் கம்பு சுழற்றுவதைவிடக் குத்துவதற்கே பெரிதும் ஏற்றது. "கம்புக்குப் பேர்போன மடத்தில் இப்போது ஏன் கைச்சண்டை பயில்கிறார்கள்?" என்ற கேள்விக்கு அவர் தரும் விடையைக் கேளுங்கள். கம்பு 'மேலான போதி' என்று சொல்லும் நிலையை எட்டிவிட்டது. கைச்சண்டை நாட்டில் இன்னும் பரவவில்லை. அதையும் கம்போடு சேர்த்து 'அக்கரை' ஏற்றவே பயில்கிறார்கள். போதி, அக்கரை என்பவை விடுதலையைக் குறிக்கும் சொற்கள். அதே காலத்தில்தான் உடற்பயிற்சி, மருத்துவம், தியானம் மூன்றும் கைச்சண்டைக்குள் கலந்தன. கலை தன்னை ஆன்மிக வழியாகப் பேசத் தொடங்கியது இங்கேதான்.

அந்தப் பேச்சு வெறும் அலங்காரமா, செயலில் ஏதும் உண்டா? குதிரை நிலையைக் கொண்டு பார்க்கலாம். இரு பாதங்களுக்கும் இடையே உங்கள் தோளகலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு இடைவெளி விடுங்கள். விரல்கள் முன்னோக்கட்டும். முதுகை நிமிர்த்தி, தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாகும்வரை இறங்குங்கள். முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். தொடக்கத்தில் பாதியளவு இறங்கி முப்பது நொடி நின்றால் போதும். மூன்று முறை செய்யலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமாகவே நிற்கட்டும்.

கெட்டுப்போவது எங்கே? முதலாவது, இடுப்புத் தசை களைத்ததும் முழங்கால்கள் உள்நோக்கிச் சரியும். அப்படியே நின்றால் முழங்காலின் உட்புறத் தசைநார் நோகும். அடுத்து, பின்புறம் வெளியே தள்ளி இடுப்பு வளையும். பாரம் தொடையிலிருந்து முதுகுக்கு மாறிவிடும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: தொடை நடுங்கத் தொடங்கியதும் மூச்சு நின்றுவிடும், தோள் தானாக உயரும். உள்ளே 'போதும், போதும்' என்ற குரல். இங்கேதான் தியானம் தொடங்குகிறது. வெளிமூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். நான்கில் எண்ணிக்கை தவறும். அல்லது பத்தைத் தாண்டிப் பதினாறு வரை எண்ணிக்கொண்டே போயிருப்போம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நொந்துகொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குவது. சதிபட்டான சூத்திரம் உணர்ச்சியை இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்று பார்க்கச் சொல்கிறது. தொடையில் எரிவது துன்ப உணர்ச்சி. 'ஓடிவிடலாம்' என்பது அதன்மேல் ஏறிய வெறுப்பு. இவை இரண்டு என்று நின்றுகொண்டே காண்பவன், அடிபடும்போதும் வலியையும் ஆத்திரத்தையும் பிரித்துக் காண்பான். யோதாஜீவனுக்குச் சொன்ன பதிலை நேராக எதிர்கொள்ளும் பயிற்சி இது. ஷாவொலினின் ஆயிரம் புத்தர் மண்டபத்தில் செங்கல் தளத்தில் 48 குழிகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் காலூன்றிப் பயின்றதால் விழுந்தவை என்று மடத்தில் சொல்கிறார்கள்.

ஷாவொலின் கைச்சண்டையில் இன்னொரு விதி: கை வளைந்தும் வளையாமலும், நீண்டும் நீளாமலும் இருக்க வேண்டும். முழங்கையை முழுக்க நீட்டிவிட்டால் எதிராளி அதைப் பூட்டிவிடலாம். பூட்டாவிட்டாலும் அடுத்த அசைவுக்கு அங்கே மிச்சம் ஒன்றும் இல்லை. அசைவு முடிந்த இடத்தில் மனமும் நின்றுபோகிறது.

மனம் நின்றுபோவதை மிக நுட்பமாக ஆராய்ந்தவர் ஜப்பானில் ஜென் பௌத்தத்தின் ரின்சாய் பிரிவைச் சேர்ந்த துறவி தகுவான் சோஹோ. 1573-இல் பிறந்து 1645-இல் மறைந்தவர். ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் வாள் ஆசான் யாக்யூ முனெநோரிக்கு அவர் எழுதிய நீண்ட மடல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் தொடங்குவது அவித்யையிலிருந்து. மனம் எங்கே போய்த் தங்குகிறதோ அங்கே அறியாமை தங்குகிறது. எதிராளியின் வாள்மீது மனத்தை வைத்தால் வாள் அதைப் பிடித்துக்கொள்ளும். அவன் உடல்மீது வைத்தால் உடல் பிடித்துக்கொள்ளும். வெட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்தால் அந்த எண்ணமும், வெட்டுப்படக்கூடாது என்பதில் வைத்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் எங்கேதான் வைப்பது? தொப்புளுக்குக் கீழே அழுத்திவைக்கலாமே என்று கேட்பவருக்கு, பயிற்சித் தொடக்கத்துக்கு அது சரி, ஆனால் அதுவும் தாழ்ந்த படிதான் என்கிறார். கீழே அழுத்தவேண்டும் என்ற நினைப்பே மனத்தைக் கட்டிப்போடுகிறதாம். எங்கும் வைக்காதே; அப்போது அது கைக்குத் தேவையானபோது கையிலும், காலுக்குத் தேவையானபோது காலிலும் இருக்கும்.

ஆயிரம் கைகள் உடைய கருணைப் போதிசத்துவர் அவலோகிதேசுவரரை அவர் சான்றுக்கு அழைக்கிறார். வில் பிடித்த ஒரு கையில் மனம் தங்கினால் மற்ற 999 கைகளும் வீண். எதிலும் தங்காததால்தான் ஆயிரமும் பயன்படுகின்றன. 'எங்கும் தங்காமல் மனத்தை எழுப்புக' என்ற வஜ்ரச்சேதிக சூத்திர வாசகத்தையும் காட்டுகிறார். அசையாமை என்றால் மரம்போல் கிடப்பதாகப் பலர் எடுத்துக்கொண்டு, மனத்தை வெறுமையாக்கப் பாடுபட்டு, அந்த வெறுமையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். தகுவானின் அசையாமை, எதிலும் ஒட்டாமல் ஓடிக்கொண்டே இருப்பது. ஒன்றும் அறியாத புதியவன் மனம் எங்கும் தங்குவதில்லை. நிலைகளைக் கற்கக் கற்க ஒவ்வொன்றிலும் தங்குகிறது. ஆண்டுகள் சென்றபின் மறுபடி தங்காமல் போகிறது. இடையிலுள்ள அந்த நீண்ட தடுமாற்றக் காலத்தில்தான் பெரும்பாலோர் மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள்.

இதே மடலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெட்டும் வாளும் சூனியம் (நிலையான தன்னியல்பு இல்லாதது), வெட்டுகிறவனும் சூனியம், வெட்டுப்படுகிறவனும் சூனியம் என்று ஓரிடத்தில் தகுவான் எழுதுகிறார். சூனியத்தத்துவம் கருணையிலிருந்து பிரிந்தால் இந்த வாசகம் கொலைக்கு உரிமைச் சீட்டாகிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் அதுவே நடந்தது. ஜென் ஆசிரியர்கள் பலர் இதே சொற்களைக் கொண்டு படைவீரர்களைப் போருக்கு அனுப்பினார்கள். ஜென்னின் சோட்டோ பிரிவு 1992-இலும், ரின்சாயின் மியோஷின்ஜி கிளை 2001-இலும் இதற்காக வெளிப்படையாக வருந்தின. மனம் தங்காதிருந்தால் மட்டும் போதாது. யாரை, எதற்காக என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கலங்காத மனத்தோடு செய்த கொலையும் கொலைதான். யோதாஜீவனின் கேள்விக்கு இவர்கள் தந்த விடையைப் புத்தர் ஏற்றிருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

1947-இல் ஜப்பானின் தாதொட்சு நகரில் உருவான ஷோரிஞ்சி கெம்போ என்ற போர்க்கலை, போர்த் தோல்வியைக் கண்ணால் கண்டபின் பிறந்தது. அது அன்பையும் பலத்தையும் பிரிக்கக்கூடாது என்று வைத்தது. தடுப்பு முதலில், தாக்கு பின்னர். பயிற்சி பெரும்பாலும் இருவர் இருவராக. பாடத்துக்குள்ளேயே அமர்ந்து செய்யும் தியானம்.

நீங்கள் எந்தக் கலை பயின்றாலும் இருவர் பயிற்சியை இப்படிச் செய்து பாருங்கள். வேகத்தைக் கால்பங்காகக் குறையுங்கள். ஒருவர் மட்டும் தாக்க, மற்றவர் தடுக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். அடி பட்டுவிட்டால் உடனே திருப்பி அடிக்க வேண்டாம். ஒரு வெளிமூச்சு முழுதாகப் போகட்டும். தாடை இறுகியிருக்கிறதா, அடுத்த அசைவு முந்தியதைவிடக் கடுமையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கைகூப்பி அன்றைக்கு அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்திவிட்டு, குதிரை நிலைக்குப் போய் ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

நன்றி, வணக்கம்.