நகரத்தில் உணவு பெரிதும் வீணாவது வழியிலா, வீட்டிலா? – ‘வழியிலே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? “லாரியில வீணாகுது, சந்தையில வீணாகுதுன்னு பேச வந்திருக்காரே, அவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க, மூணு நாள் சாம்பார் நிக்கும்!” நீங்களும் கை தட்டினீங்க. சகோதரி, மூணு நாள் சாம்பாரை வச்சிருக்கிறவங்க வீணாக்குறவங்களா? கொட்ட மனசு வராமத்தானே வச்சிருக்காங்க! முதல் நாள் சாதத்துக்கு, ரெண்டாம் நாள் இட்லிக்கு, மூணாம் நாள் சுண்ட வச்சு தோசைக்கு. அவங்களையா கூண்டுல ஏத்துறீங்க?

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கையைக் காட்டினாங்க. வீணாகுறதுல 60 சதவீதம் வீட்டுலன்னு. சரிதான். ஆனா அந்தக் கணக்கு கடை வாசல்லதான் ஆரம்பிக்குது. அறுவடைக்கும் கடைக்கும் நடுவுல உலகத்துல விளையற உணவுல 13 சதவீதம் அழிஞ்சு போகுதுன்னு உணவு வேளாண்மை அமைப்பு தனியாச் சொல்லுதே, அது இந்த 60-க்குள்ள வரவே வராது.

எங்க மாமா பாலக்கோட்டுல தக்காளி வெள்ளாமை. ஒரு ஐப்பசியில, உள்ளூர் மண்டியில விலை இல்லைன்னு 60 பெட்டியை லாரியில ஏத்தி, தானும் கூடவே கிளம்பிட்டார். ராத்திரி ஒரு மணிக்குக் கோயம்பேடு சேரணும். வேலூர் தாண்டினதும் மழை. மழையில டயர் வெடிச்சது. வந்து சேர்றப்போ காலை ஏழு. ஏழு மணின்னா அங்க என்ன அர்த்தம் தெரியுங்களா? சில்லறைக் கடைக்காரங்க போயாச்சு, தள்ளுவண்டிக்காரங்க போயாச்சு! ஆறு மணி நேரம்ங்க! உங்க சாம்பார் மூணு நாள் தாங்குது சகோதரி, செடியிலேயே பழுத்த தக்காளி நனைஞ்ச லாரியில ஆறு மணி நேரம் தாங்கல. குளிர்வண்டி வாடகை சின்ன விவசாயிக்குக் கட்டாது. அடிப்பெட்டியெல்லாம் நசுங்கி சாறு சொட்டுது. மேல்பெட்டி நல்லாத்தான் இருந்தது. அதுலயும் “வெடிப்பு இருக்கு, புள்ளி இருக்கு”ன்னு கழிச்சாங்க. கேட்ட விலை இறக்குகூலிக்கே காணல. மத்தியானம் 38 பெட்டி குப்பை வண்டிக்குப் போச்சு.

மறுபடி சொல்றேன். அறுபதுல முப்பத்தெட்டு! எந்த அடுப்பையும் பாக்கல, எந்த ஃப்ரிட்ஜையும் பாக்கல. நாலு மாசம் தண்ணி கட்டி வளர்த்த தக்காளிங்க அது.

அன்னைக்கு மாமா எங்க வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசல. அம்மா சோறு போட்டு ரசம் ஊத்தினாங்க. தட்டுல ஒட்டின கடைசிப் பருக்கையை விரலால எடுத்து வாயில போட்டார். தட்டைச் சாய்ச்சு மிச்ச ரசத்தையும் குடிச்சார். 38 பெட்டி குப்பைக்குப் போறதை நின்னு பாத்துட்டு வந்த மனுஷன்ங்க! “இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணே?”ன்னு கேட்ட அம்மா, பதிலுக்கு நிக்காம முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

நடுவர் அவர்களே, அந்தத் தட்டை நினைச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.