ஒரு முனை ஆட்டோ, மறுமுனை ஃபிக்ஸட்

வணக்கம் நேயர்களே. போர்ட்டில் விளக்கு எரிகிறது. பிங் போட்டால் உடனே பதில் வருகிறது. ஆனால் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்தால் 100 மெகாபிட் இணைப்பு ஊர்ந்து போகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், கேபிளைப் பிடுங்குவதற்கு முன் இரண்டு முனைகளின் டூப்ளெக்ஸையும் பாருங்கள்.

ஹாஃப் டூப்ளெக்ஸ் வாக்கிடாக்கி மாதிரி: ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேசலாம். ஃபுல் டூப்ளெக்ஸில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒரு முனை ஹாஃபிலும் மறுமுனை ஃபுல்லிலும் நின்றுவிட்டால்தான் வினை.

எப்படி அப்படி ஆகிறது? ஸ்விட்ச் போர்ட்டில் யாரோ '100, ஃபுல்' என்று நிலையாக வைத்திருப்பார்கள். கணினி ஆட்டோவிலேயே இருக்கும். அப்படி வைத்த போர்ட் பெரும்பாலும் ஆட்டோ நெகோஷியேஷன் துடிப்புகளை, அதாவது வேகத்தையும் டூப்ளெக்ஸையும் இரு முனையும் பேசி முடிவு செய்ய உதவும் சிக்னல்களை, அனுப்பாது. சிக்னலை வைத்துக் கணினி வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலையில் ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஈத்தர்நெட்டுக்கான 802.3 தரநிலையின் விதி. கணினி மேல் பழி போடாதீர்கள், அது விதிப்படிதான் நடக்கிறது.

பிங்கில் ஒரு பாக்கெட் போய், ஒன்று திரும்பும். மோத வாய்ப்பு குறைவு. ஃபைல் நகலெடுக்கும்போது ஒரு திசையில் டேட்டா பாயும், எதிர்த்திசையில் அதற்கான ஒப்புகைகள் வந்துகொண்டே இருக்கும். ஃபுல் முனை காத்திராமல் அனுப்பும். ஹாஃப் முனை அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு தான் அனுப்பும் ஃபிரேமை, அதாவது டேட்டா துண்டை, பாதியில் நிறுத்தும். முதல் 64 பைட் போன பிறகு மோதினால் அது லேட் கொலிஷன். அந்த ஃபிரேமைப் பொதுவாக நெட்வொர்க் கார்டு மறுபடி அனுப்பாது. டேட்டா சரியாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறை கவனித்துத் திரும்ப அனுப்பும்வரை வேலை நிற்கும். வேகம் சரிவது இங்கேதான்.

லினக்ஸில் ஈத்டூல் கட்டளையோடு இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுத்தால் ஸ்பீட், டூப்ளெக்ஸ், ஆட்டோ நெகோஷியேஷன் மூன்றும் தெரியும். பெயருக்கு முன் மைனஸ் பெரிய எஸ் போட்டால் கவுன்டர்கள் வரும். நகலெடுப்பு ஓடும்போதே இரண்டு முறை பாருங்கள். பழைய எண்ணிக்கை எதையும் சொல்லாது, ஏறுகிறதா என்பதே கேள்வி. ஹாஃப் முனையில் லேட் கொலிஷனும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழைகளும் (சிதைந்து வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறினால் சந்தேகமே வேண்டாம். இரண்டு முனையும் ஃபுல்லாக இருந்தும் சிஆர்சி ஏறினால், அப்போது கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள்.

தீர்வு, இரண்டு முனையையும் ஆட்டோவில் வைப்பது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்ட் பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்பதை மாற்றுங்கள். ஆட்டோ வராத பழைய கருவி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பை நிலையாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

செம்புக் கம்பியில் ஓடும் கிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயம். இரண்டு முனையும் ஆட்டோவில் இருந்தும் 100 என்றே காட்டினால் கேபிள் கனெக்டரின் 4, 5, 7, 8 பின்களைச் சோதியுங்கள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.