ஆயிரத்து ஒண்ணாவது பீடி: பி.எஸ்சி. மேத்ஸ், பிசிக்ஸ் எடுக்கப்போறவங்களுக்கு

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஆத்துப் படித்துறையில உக்காந்து பேசுதேன். பின்னால துணி துவைக்கிற சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க. மேல மலையில சாரல் ஆரம்பிச்சிருச்சு போல, தாமிரபரணியில தண்ணி கொஞ்சம் கூடியிருக்கு. கடைசியில காட்டுதேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு ஒரே கேள்வியத்தான் கேக்காங்க. "அக்கா, மேத்ஸ் எடுக்கலாமா, பிசிக்ஸ் எடுக்கலாமா? எடுத்தா டீச்சர் வேலை மட்டும்தானா?" நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. மேத்ஸ் இப்பதான் முடிச்சிருக்கேன். படிச்சது அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அப்பா கிடையாது, அம்மா பீடி சுத்துதாங்க. அதனால உங்கள்ல நிறைய பேரோட நிலைமை எனக்கு நல்லாத் தெரியும். வேலையப் பத்தி பிறகு சொல்லுதேன். முதல்ல உள்ள போனா என்ன நடக்கும்னு சொல்லணும், ஏன்னா அதை எனக்கு யாரும் சொல்லல.

பிளஸ் டூல மேத்ஸ்ல நான் 97. காலேஜ்ல முதல் இன்டர்னல்ல 50-க்கு 11. அந்தப் பேப்பர மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டு பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அழுதேன். நான் படிக்காம இல்ல. ஸ்கூல்ல கணக்குன்னா ஒரு மாடல் இருக்கும், அதே மாடல்ல எண்ண மாத்திக் கேப்பாங்க, விடை வரும், அடியில ரெண்டு கோடு போடுவோம். காலேஜ்ல விடைய அவங்களே கேள்விக்குள்ள கொடுத்துருதாங்க. "இது உண்மைன்னு நிறுவு"ன்னு கேக்காங்க. அப்ப நாம என்னத்த எழுத? "தியரத்த மனப்பாடம் பண்ணு, செமஸ்டர்ல அதுதான் வரும்"னு சொன்னவங்க உண்டு. பண்ணினேன். பரீட்சையில நடுவுல ஒரு வரி மறந்துச்சு, அதோட எல்லாம் போச்சு.

இது மாறினது காலேஜ்ல இல்ல, எங்க வீட்டுத் திண்ணையில.

பீடிய 25, 25-ஆ ஒரு கட்டு கட்டணும். ஆயிரம் பீடின்னா 40 கட்டு. ஒருநாள் ராத்திரி அம்மா சுத்தி முடிச்சுட்டு, "ஆயிரத்து ஒண்ணு சுத்திட்டேன், ஒண்ண நாளைக்கு எடுத்து வைங்க"ன்னாங்க. அம்மாவுக்கு எண்ணிக்கை தப்பாது. தம்பி உக்காந்து கட்டினான். முடிச்சுப் பாத்தா 40 கட்டு, சுளகுல ஒண்ணுகூட மிச்சமில்ல. அம்மா நிமிந்துகூட பாக்கல. "ஏலே, ஏதோ ஒரு கட்டுல கூட வச்சுட்ட"ன்னாங்க. "எந்தக் கட்டும்மா?"ன்னான். "அது எனக்கு எப்படிலே தெரியும்? ஆனா இருக்கு."

நான் பக்கத்துல உக்காந்து ஒரு புரூஃப, அதான் ஒண்ண உண்மைன்னு நிறுவுறத, மூணாவது தடவையா பாத்து எழுதிக்கிட்டு இருந்தேன். பேனாவ கீழ வச்சுட்டேன். எங்கம்மா இப்ப சொன்னதுதானே புரூஃப்! எந்தக் கட்டையும் பிரிக்கல, எண்ணல. ஆனாலும் சந்தேகமே இல்லாமத் தெரியுது. ஏன்? எல்லாக் கட்டுலயும் 25-ஓ அதுக்குக் கீழயோதான் இருக்குன்னு வச்சுக்கோங்க. அப்ப மொத்தம் 1000-த்தத் தாண்டாது. ஆனா இருக்கிறது 1001. இடிக்குது. அதனால ஏதோ ஒரு கட்டுல 26-ஆவது இருந்தே ஆகணும். இதுக்கு புறாக்கூட்டுக் கொள்கைன்னு பேரு இருக்கிறது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். "தேர் எக்ஸிஸ்ட்ஸ்"னு புத்தகத்துல வருமே, "இருக்கிறது"ன்னு, அது இதேதான். எதுன்னு கையக் காட்டிச் சொல்ல வேண்டாம். இல்லாம இருக்க முடியாதுன்னு காட்டினாப் போதும்.

அனாலிசிஸ்னு காலேஜ் மேத்ஸ்ல ஒரு பாடம், அதுல இன்டர்மீடியட் வேல்யூ தியரம்னு ஒண்ணு வரும். அறுபடாத ஒரு வளைகோடு ஒரு இடத்துல பூஜ்யத்துக்குக் கீழயும் இன்னொரு இடத்துல மேலயும் இருந்தா, நடுவுல எங்கேயோ பூஜ்யத்தத் தொடும். இந்தா, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நடந்தே போகணும்னா தண்ணியில கால் நனையாம முடியுமா? எந்த இடத்துல இறங்குவீங்கன்னு எனக்குத் தெரியாது. இறங்குவீங்கன்னு தெரியும். அன்னைக்கு ராத்திரிக்கு அப்புறம் எந்தத் தியரத்தப் பாத்தாலும், "இது இல்லேன்னா எது இடிக்கும்?"னு முதல்ல கேக்க ஆரம்பிச்சேன். மனப்பாடம் தானா குறைஞ்சுது.

பிசிக்ஸ் எடுக்கிறவங்க, இது மேத்ஸ் கதைதானேன்னு வீடியோவ மாத்திராதீங்க. எங்களுக்கும் துணைப்பாடமா அலைடு பிசிக்ஸ் உண்டு, லேப் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. அங்க நடந்தத சொல்லுதேன். காம்பவுண்ட் பெண்டுலம். ஓட்டை ஓட்டையா போட்ட ஒரு பட்டைய கத்திமுனையில தொங்கவிட்டு ஆட்டி, 20 அலைவுக்கு எவ்வளவு நேரம்னு ஸ்டாப் வாட்ச்ல எடுத்து, அதுல இருந்து புவியீர்ப்பு முடுக்கத்தக் கண்டுபிடிக்கணும். புத்தகத்துல 9.8. எனக்கு 10.8. பக்கத்து டேபிள்ல, "நேரத்த கொஞ்சம் கூட்டி எழுது, 9.8 வந்துரும்"னு சொன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க. நானும் ரப்பரக் கையில எடுத்துட்டேன்.

அப்ப எம்.எஸ்சி. படிக்கிற ஒரு அக்கா வந்து, "அழிக்காத, மறுபடி ஆட்டு, நான் பாக்கேன்"னாங்க. ஆட்டினேன். வாட்ச அமுக்கினதும் "ஒண்ணு"ன்னு எண்ணத் தொடங்கினேன். "அங்கதான் தப்பு. வாட்ச் தொடங்குறப்ப பூஜ்யம். போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் ஒண்ணு"ன்னாங்க. நான் இருபதுன்னு எண்ணினது உண்மையில 19 அலைவு. 19-க்கான நேரத்த 20-ஆல வகுத்திருக்கேன். நேரம் சூத்திரத்துல வர்க்கமா வருது, அதுவும் கீழ. அப்ப விடை 20-ஐ 19-ஆல வகுத்து வர்க்கம் பண்ணின அளவுக்கு, அதாவது 1.108 மடங்கு கூடும். 9.78-ஐ அதால பெருக்கிப் பாருங்க, 10.84 வரும். என் ரீடிங் ஒரு இடத்துலயும் பொய் சொல்லல. நான் எங்க தப்பினேன்னு அந்த எண்ணே எழுதி வச்சிருந்துச்சு. அத அழிச்சிருந்தா, மூணு வருஷமும் தப்பா எண்ணிக்கிட்டேதான் இருந்திருப்பேன்.

ஏன் 9.8 இல்லாம 9.78-ன்னு கேப்பீங்க. பூமி சுத்துறதாலயும், நடுவுல கொஞ்சம் பிதுங்கி இருக்கிறதாலயும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. துருவத்துல 9.83, நம்ம திருநெல்வேலி பக்கம் 9.78. லேப்ல இருக்கிற அந்தப் பட்டைக்கு நாம எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியும் மக்களே. இதவிட அழகா என்ன வேணும்?

இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு இதான் பெரிய பயம். வகைக்கெழுன்னா டெரிவேட்டிவ், தொகையீடுன்னா இன்டெக்ரல், அணின்னா மேட்ரிக்ஸ், சார்புன்னா ஃபங்ஷன். இந்தப் பேரெல்லாம் ரெண்டு வாரத்துல பழகிரும். கஷ்டம் அங்க இல்ல. "ஃபார் எவ்ரி", "தேர் எக்ஸிஸ்ட்ஸ்" மாதிரி சின்னச் சொற்கள் எந்த வரிசையில வருதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. ஜங்ஷன்ல நிக்கிற "ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு டிரைவர் இருக்காரு"ன்னு சொன்னா சரி. "ஒரு டிரைவர் இருக்காரு, எல்லா பஸ்ஸுக்கும் அவருதான்"னு சொன்னா? வளைகோடு அறுபடாம இருக்கிறதுக்கு கன்டினியுட்டின்னு பேரு; அதுக்கும் யூனிஃபார்ம் கன்டினியுட்டிக்கும் இதுதான் வித்தியாசம். எப்சிலான்னா சார்போட மதிப்பு எவ்வளவு விலகலாம்ங்கிற அளவு, டெல்டான்னா அதுக்குப் புள்ளி எவ்வளவு நகரலாம்ங்கிற அளவு. எப்சிலான் கொடுத்துட்டாங்கன்னா, முதல்ல சொன்னதுல ஒவ்வொரு புள்ளிக்கும் அதுக்குன்னு ஒரு டெல்டா, ரெண்டாவதுல எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா. தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாத்தா விளங்கிரும். தமிழ்ல யோசிக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க. விளங்கினத இங்கிலீஷ்ல எழுதப் பழகுங்க, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரப் பத்தி கட்டாயம் சொல்லணும். குத்தாலத்துக்குப் பக்கத்துல வல்லம். அந்த ஊர்ல 1901-ல பிறந்தவரு எஸ். எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. சின்ன வயசுலயே தாயையும், பிறகு பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே தகப்பனையும் இழந்தவரு. ஒரு வாத்தியார் கைகொடுத்துத்தான் படிப்பு தொடர்ந்துச்சு. உலகமே தேடிக்கிட்டு இருந்த ஒரு கேள்விக்கு அவரு விடை கண்டாரு, வேரிங் கணக்கு. 1770-ல வேரிங் எழுப்பின கேள்வி: எந்த எண்ணையும் வர்க்கம், கனம் மாதிரி ஒரே அடுக்கு எண்களோட கூட்டலா எழுத, அதிகபட்சம் எத்தனை வேணும்? எந்த எண்ணையும் வர்க்க எண்களோட கூட்டலா எழுத நாலு வர்க்கம் போதும், இதை அதே வருஷம் லாக்ராஞ்ச் நிறுவிட்டாரு. 7-ஐ எழுதிப் பாருங்க, 4, 1, 1, 1. நாலு வேணும். கனம்னா ஒன்பது வேணும், 23-க்கு ரெண்டு 8, ஏழு 1. அப்ப ஆறாம் அடுக்குக்கு?

703-ன்னு ஒரு எண்ண எடுங்க. 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது பெருசு, சேராது. இருக்கிறது 64-ம் 1-ம்தான். பத்து 64 போட்டா 640, மிச்சம் 63, அதுக்கு அறுபத்து மூணு 1. மொத்தம் 73. இது வரைக்கும் நீங்களும் நானும் போட்டுருவோம். ஆனா எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல தேவைப்படாதுன்னு எப்படிச் சொல்ல? எண்ணுக்கு முடிவே இல்லையே, எல்லாத்தையும் போட்டுப் பாக்க முடியுமா? அத நிறுவினது வல்லத்துப் பிள்ளை, 1940-ல. 1950 ஆகஸ்ட் 31, அமெரிக்காவுல நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போற வழியில கெய்ரோ பக்கத்துல விமானம் விழுந்து இறந்துட்டாரு. 49 வயசு. குத்தாலத்துக்கு எத்தனையோ தடவை குளிக்கப் போயிருக்கேன், வல்லம் அங்க பக்கத்துலதான் இருக்கு. என்கிட்ட ஒருத்தரும் அவரப் பத்திச் சொன்னதில்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. அதான் உங்கள்ட்ட சொல்லுதேன்.

சரி, வேலை. டீச்சர் வேலைய "மட்டும்தானா"ன்னு கேக்காதீங்க, நல்ல மேத்ஸ் டீச்சர் கிடைக்காம எத்தனை பிள்ளைங்க கணக்க விட்டுட்டு ஓடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அதுபோக மேல படிக்க வழி இருக்கு. ஐஐடியில எம்.எஸ்சி. சேர ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு. சென்னையில சி.எம்.ஐ., அதாவது சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட், தரமணியில மாட்சயின்ஸ்னு சொல்ற கணித அறிவியல் நிறுவனம், ரெண்டும் கணக்குக்காகவே ஏங்குற பிள்ளைங்களுக்கான இடம். டிகிரி படிக்கிறப்பவே போற மாதிரி எம்.டி.டி.எஸ்.-னு (மேத்தமேட்டிக்ஸ் டிரெயினிங் அண்ட் டேலண்ட் சர்ச்) ஒரு கணக்குக் கோடை முகாம் இருக்கு, 1993-ல இருந்து நடக்கு. அங்க மனப்பாடம் செல்லாது, கேள்வி மேல கேள்வி கேட்டு நம்மளையே கண்டுபிடிக்க வைப்பாங்க. முதல் வருஷத்துலயே இதையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, எனக்குத் தெரியறப்ப நேரம் போயிருச்சு. அரசுப் பள்ளியில 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், பையங்களுக்கு தமிழ்ப் புதல்வன் இருக்கு. என்னோட ஆயிரத்துல பாதி பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போச்சு. மீதிய சேத்து வச்சு அனாலிசிஸ் புத்தகம் ஒண்ணு சொந்தமா வாங்கினேன். அட்டை கிழிஞ்சு போச்சு, இன்னும் தலைமாட்டுலதான் கிடக்கு.

அன்னைக்கு அந்தக் கட்டக் கண்டுபிடிச்சோமான்னு கேப்பீங்க. தம்பி ஒத்துக்கவே இல்ல, 40-ஐயும் பிரிச்சு எண்ணினான். இருபத்தேழாவது கட்டுல 26 இருந்துச்சு. அம்மா அதுக்குள்ள தூங்கிட்டாங்க.

இருட்டுது மக்களே. ஆத்தக் காட்டுதேன்னு சொன்னேம்லா, இந்தா பாருங்க. அந்தக் கரையில ஒரு கொக்கு நிக்கு, தெரியுதா?