பெட்டிக்குள் அடங்காத ஆட்டம்

நடுவர் அவர்களுக்கும், ஞாயிறு மாலையைத் தமிழுக்காக ஒதுக்கி மும்பையின் இந்த மாட்டுங்கா அரங்கை நிறைத்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

மேதைமையில் விஞ்சி நிற்பவர் சதுரங்க வல்லுநரா, இசைப் படைப்பாளரா என்பது தலைப்பு. சதுரங்கத்தின் பக்கம் நின்று பேச நிறையவே குறிப்பெழுதி வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள், அதோடு அது செத்துப்போகும். பாட்டு அப்படியா? மரக்கட்டையை நகர்த்துவதைப் பார்த்து யாராவது கண்ணீர் விட்டதுண்டா?" என்று கேட்டார், அரங்கமும் கைதட்டியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் குறிப்புகளைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன். 1851-ஆம் ஆண்டு லண்டனில் ஆண்டர்சன், கீஸரிட்ஸ்கி என்னும் இரு சதுரங்க வல்லுநர்கள் போட்டிக்காக அல்லாமல், பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஆண்டர்சன் ஒரு மந்திரியையும், இரண்டு யானைகளையும், இறுதியில் ராணியையும் எதிராளிக்கு வெட்டக் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஒரு மந்திரியையும் இரண்டு குதிரைகளையும் கொண்டே ராஜாவை முடக்கினார். அன்றே அந்தக் காய்கள் பெட்டிக்குப் போயிருக்கும். ஆனால் நகர்த்தல்களை எழுதி வைத்தார்கள். சுரப்படுத்திய கீர்த்தனையைப் படித்துப் பாடுவதுபோல, 170 ஆண்டுகள் கடந்தும் அந்த ஆட்டத்தை உலகெங்கும் மறுபடி நிகழ்த்திப் பார்க்கிறார்கள். அதற்கு 'அழியாத ஆட்டம்' என்றே பெயர்.

இரண்டு கலைகளிலும் தேர்ந்த ஒருவரே நமக்குச் சாட்சியாக இருக்கிறார். 1726-இல் பிறந்த பிலிடோர் என்னும் பிரெஞ்சுக்காரரின் இசை நாடகங்களைப் பாரிஸ் நகரம் கொண்டாடியது. அவர் காலத்துச் சதுரங்கத்திலும் அவருக்கு நிகர் எவருமில்லை. சிப்பாய்களே இந்த ஆட்டத்தின் உயிர் என்று 1749-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவர் அவர். இன்று அவருடைய இசையைப் பெரும்பாலும் இசை வரலாறு படிப்பவர்களே தேடிக் கேட்கிறார்கள். ஆனால் சதுரங்க வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் 'பிலிடோர் தற்காப்பு' என்று அவர் பெயரைச் சொல்லியே ஆடக் கற்கிறார்கள். எது பெட்டிக்குள் போயிற்று என்பதை நடுவர் அவர்களே முடிவு செய்யட்டும்.

நம் மண்ணிலும் அப்படித்தான். கருநாடக இசையின் மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூரின் அதே மாவட்டத்தில், நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில், இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். யாராலும் வெல்ல முடியாத இளவரசியை முதியவராக வந்து சதுரங்கத்தில் வென்றார் என்பது தலபுராணம். ஆடல்வல்லானாகப் போற்றிய கடவுளுக்குச் சதுரங்க வல்லவன் என்றும் பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர்.

அம்மையார் பேத்தோவனைச் சொன்னார். காது கேளாத நிலையில் ஒன்பதாவது சிம்பொனியைப் படைத்த அந்த மனிதரை நானும் தலைவணங்கியே நினைக்கிறேன். ஆனால் அவருக்குத் தாள் இருந்தது. எழுதியதை அடித்துத் திருத்த அவகாசம் இருந்தது. சதுரங்கப் போட்டியிலோ தொட்ட காயை ஆடியே தீர வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எதிரே நம் எண்ணத்தைக் குலைக்கவென்றே இன்னொரு மூளை அமர்ந்திருக்கும்.

இங்கே நைடார்ஃப் என்னும் சதுரங்க வல்லுநரைச் சொல்ல வேண்டும். 1947-இல் பிரேசிலின் சாவோ பாலோ நகரில், ஒரு பலகையைக்கூடக் கண்ணால் பார்க்காமல், அவர் ஒரே நேரத்தில் 45 பலகைகளில் ஆடினார். எதிராளியின் நகர்த்தலைக் காதால் கேட்பார், தம் பதிலை வாயால் சொல்வார். ஒரு பலகைக்கு 64 கட்டம் என்றால் 45 பலகைக்கு 2,880 கட்டங்கள். தொடக்கத்தில் அவற்றின்மேல் 1,440 காய்கள். அத்தனையும் ஒரு மனிதனின் நெற்றிக்குள் இருந்தன. ஏறக்குறைய 24 மணி நேரம் அவர் தூங்கவில்லை. 39 பலகைகளில் வென்றார், நான்கைச் சமன் செய்தார், இரண்டில் மட்டுமே தோற்றார்.

கைதட்டிவிட்டீர்கள், நன்றி. ஆனால் இது நினைவாற்றல் வித்தைதானே என்று எதிரணி சொல்லக்கூடும். ஆகவே அதே கதையை, இம்முறை எண்களை ஒதுக்கிவிட்டு, இன்னொரு முறை சொல்கிறேன்.

நைடார்ஃப் போலந்து நாட்டு யூதர். 1939-இல் சதுரங்க ஒலிம்பியாடில் தம் நாட்டுக்காக ஆடக் கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போனார். மனைவியும் குழந்தையும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஊரில் இருந்தார்கள். அவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தபோதே ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. திரும்பிப் போக வழியில்லை. கடிதம் எழுதினால் யாருக்குப் போய்ச் சேரும்? அந்த மனிதரிடம் இருந்தது சதுரங்கம் ஒன்றுதான். கண்ணால் பார்க்காமல் உலக சாதனை அளவுக்கு ஆடினால் செய்தித்தாள்களில் பெயர் வரும். அந்தச் செய்தி எப்படியாவது போலந்தை எட்டும். தம்மவர் யாரேனும் உயிரோடிருந்தால், இவனும் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள். 1943-இல் ரொசாரியோ நகரில் 40 பலகைகளில் ஆடியபோதே அந்த நம்பிக்கைதான் அவரை ஆட வைத்தது. குதிரையை நகர்த்து, சிப்பாயை முன்னே தள்ளு என்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், கடலுக்கு அப்பால் இருந்த தம் வீட்டை நோக்கிச் சொன்ன சொல். வீட்டிலிருந்து பதில் வரவில்லை. அவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அம்மையார் அவர்களே, இதை மரக்கட்டையை நகர்த்துவது என்று சொல்ல என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது.

நான் தாராவியில் வளர்ந்தவன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி வாத்தியார். எண்பதுகளில் அவரும் என் அப்பாவும் 15 பைசா அஞ்சலட்டையில் சதுரங்கம் ஆடினார்கள். கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண் வைத்திருந்தார்கள். மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது என்று இரண்டு வரி இருக்கும். கடைசியில் 'யானை 37-க்கு' என்று தாத்தா எழுதியிருப்பார். அப்பா வேலை முடிந்து வந்து, தகரப் பெட்டியின்மேல் விரித்திருந்த பலகையில் அந்த யானையை நகர்த்திவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டை போய், பதில் அட்டை வர இரண்டு வாரம் ஆகும். ஓர் ஆட்டம் முடிய ஓராண்டுக்கு மேலாகும். தாத்தாவும் அப்பாவும் நேரில் அதிகம் பேசிக்கொண்டவர்கள் அல்லர்.

தாத்தா இறந்த தந்தி வந்தபோது அப்பாவின் அட்டை வழியில் இருந்தது. காரியம் நடந்த வீட்டுக்கு அது ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. 'குதிரை 46-க்கு' என்றால் என்னவென்று அத்தைக்குத் தெரியாது. ஆனாலும் அதைத் தாத்தாவின் படத்துக்கு முன்னால், விளக்கின் அருகில் வைத்தார்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகும் அப்பா அந்தப் பலகையைக் கலைக்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில், சாப்பிடவும் படுக்கவும் இடம் போதாத வீட்டில், அது மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. சதுரங்கம் தெரியாத என் அம்மா, தூசி துடைக்கும்போது ஒவ்வொரு காயாக எடுத்துத் துடைத்து, எடுத்த கட்டத்திலேயே திரும்ப வைப்பார். கண்ணீர் விட்டவர் உண்டா என்று அம்மையார் கேட்டார். என் அப்பா அழுது நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்த அந்தப் பலகையின் முன்னால், ஓர் இரவில், அவர் அழுதுகொண்டிருந்தார்.